சைக்கிள் தாத்தாவுக்குக் காதுகுத்து

அவனியாபுரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த முத்துக்கருப்பன் தாத்தா, நேரத்தில் மகா கறார். அரை மணி நேரத்துக்கு எடுத்துப் போன சைக்கிளை ஐந்து நிமிஷம் தாமதமாகக் கொண்டுவந்தால் அதற்கும் காசு. “செயின் கழண்டுருச்சு தாத்தா” என்று அழுதாலும் காசு.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் கடை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வந்து, கடைக்குள்ளேயே கட்டிலில் படுத்தார். படுத்தபடியே கடிகாரத்தைப் பார்த்து வாடகை வாங்கினார். ஆனால் எழுந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியவில்லை. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிள்ளைகுட்டி இல்லை. யார் பார்த்துக்கொள்வது?

தெருவே கூடிவிட்டது. யோசனை சொல்வதென்றால் நம்மைப் போன்ற பெரியவர்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

“சம்பளத்துக்கு ஒரு ஆள் போடலாம்” என்றார் ஒருவர்.

“சைக்கிள் வாடகை அரிசிக்கும் மருந்துக்குமே சரியாப் போகுது. சம்பளத்துக்கு எங்கிட்டுப் போக?” என்றார் இன்னொருவர்.

“சைக்கிள்களை வித்துரலாம்.”

“வித்த காசு தீர்ந்தா?”

“டவுனுக்குள்ள இலவசமாப் பாத்துக்கிற இல்லம் இருக்காம்.”

கட்டிலிலிருந்து குரல் வந்தது: “அங்க சைக்கிள் கடை இருக்கா?”

சமயநல்லூரிலிருந்து தாத்தாவின் தம்பி மகன் நல்லகாமன் வந்தான். “பெரியப்பா, எனக்கு நாலு பிள்ளைங்க. சும்மா வச்சுப் பாக்க வசதி இல்ல. கடையை எம்பேருக்கு எழுதிக் குடுங்க. கடைசிவரைக்கும் நான் பாக்குறேன்” என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தாத்தா சரி என்றார். அவரைத் தன் ஊருக்குக் கூட்டிப்போக ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு நல்லகாமன் போனான்.

தாத்தா சுவரோரம் நின்ற சைக்கிள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வாடகை சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வந்த ஜெயக்கொடி அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்குப் பத்து வயது. அவள் அப்பா அழகுமலை மைக் செட் வைத்திருந்தார். விசேஷ வீடுகளில் யார் என்ன மொய் செய்தார்கள் என்று மைக்கில் வாசிப்பவரும் அவர்தான்.

அன்று சாயங்காலம் அப்பா ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“ஏப்பா, எல்லா விசேஷத்துலயும் சைக்கிள் தாத்தா பேரை வாசிக்கிறீங்களே, அவருக்கு யாரு மொய் செஞ்சா?”

“அவரு விசேஷம் வச்சாத்தானே திருப்பிச் செய்ய முடியும்? கல்யாணமும் இல்ல, பிள்ளைக்குக் காதுகுத்தும் இல்ல.”

“அப்ப ஒரு விசேஷம் வைக்கச் சொல்லுங்க.”

“இந்த வயசுல கல்யாணமா? பொண்ணு நீ பாக்குறியா?”

“காது குத்தலாம்ப்பா. தாத்தா காதுல ஓட்டையே இல்ல!”

அப்பா ஒயரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். “சரி ஆத்தா, மொய்ப் பணம் எம்புட்டு வந்துரப் போகுது? மூணே மாசத்துல கரைஞ்சிரும்.”

“பணம் வேணாம்ப்பா. அரிசிக்கும் மருந்துக்கும் சைக்கிள் சம்பாதிக்குது. பாத்துக்கத்தான் ஆள் இல்ல. அதையே மொய்யாச் செய்யச் சொல்லுவோம்.”

இந்த முறை அப்பா சிரிக்கவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் தாத்தா குதித்திருப்பார். இடுப்பு விடாததால் கத்தினார். “நான் என்ன பச்சைப் பிள்ளையா?”

“காது குத்தாதவங்க எல்லாம் பிள்ளைங்கதான்” என்றாள் ஜெயக்கொடி. தாத்தா தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை வாசலில் குழாய் ரேடியோ கட்டினார்கள். ஒரே ஒரு சிக்கல். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? தாத்தாவுக்கு இனி தாய்மாமனை எங்கே தேடுவது? ஜல்லிக்கட்டில் காளையைத் தழுவுகிற உக்கிரபாண்டி, ஜெயக்கொடியின் தாய்மாமன். அவரை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

“மடியிலயா? நாளைக்கு எனக்கும் ஒரு கட்டில் போடணும்!” என்று அலறினார் அவர்.

கடைசியில் தாத்தாவைத் தூக்கித் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்ததும் தாத்தா, “ஆத்தாடி!” என்று போட்ட சத்தத்தில், வேடிக்கை பார்த்த கைக்குழந்தை ஒன்று பயந்து அழுதது.

அழகுமலை மைக்கைப் பிடித்தார்.

“டீக்கடை கருப்பு மொய்... காலையும் மாலையும் டீ! சர்க்கரை கம்மி!”

“இருளாயி மொய்... ராத்திரிச் சாப்பாடு!”

“வாத்தியார் ஹாலாஸ்யம் மொய்... ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது!”

“உக்கிரபாண்டி மொய்... தினமும் தூக்கி உட்கார வைத்துக் குளிப்பாட்டுவது!”

அப்போது வண்டியோடு வந்து இறங்கினான் நல்லகாமன். பெரியப்பாவின் சிவந்த காதைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். பிறகு அழகுமலையின் காதில் ஏதோ சொன்னான்.

“சமயநல்லூர் நல்லகாமன் மொய்... ஞாயிற்றுக்கிழமை பூராவும் அவரே வந்து பார்த்துக்கொள்வது!”

தாத்தா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “காது வலிக்குதுப்பா” என்று யாரும் கேட்காமலே சொன்னார். பிறகு மைக்கைக் கேட்டு வாங்கினார்.

“சைக்கிள் கடை முத்துக்கருப்பன் மொய்... ஜெயக்கொடிக்குச் சின்னச் சைக்கிள், ஒரு மணி நேரம். வாடகை கிடையாது!”

தெருவே கைதட்டியது. ஜெயக்கொடி சைக்கிளில் ஏறி ஒரே மிதியாக மிதித்தாள். தெருமுனையில் திரும்பும்போது குழாய் ரேடியோ மறுபடியும் அலறியது:

“அஞ்சு நிமிஷம் கூடுச்சுன்னா காசு!”