சேனையை நிறுத்திய தும்மல்

தென்பெண்ணையாற்றின் மணற்பரப்பில் அந்திக் கதிரவன் செம்பொன்னை வாரி இறைத்துவிட்டு மறைய, கீழ்வானில் முழுமதி மெல்ல எட்டிப் பார்த்த அந்த இனிய வேளையில், நாலாயிரம் வீரர் கொண்ட சேனையொன்று புறப்பட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. பகைவருக்கு அஞ்சி அல்ல, வாசகர்களே. தன் தலைவனின் மூக்குக்கு அஞ்சி!

இளந்தளபதி காரிமாறனுக்குப் பல்லாண்டாகப் பீனிசம். ஓயாத மூக்கடைப்பு, அடுக்குத் தும்மல். பூவின் மணமும் எட்டி ஆண்டுகள் ஆகிவிட்டன. மூன்று நாளாகப் புறப்பாட்டு முரசு முழங்கிய போதெல்லாம் குதிரைமேல் அமர்ந்தபடி தும்மித் தொலைத்தான். அபசகுனமென்று நிமித்திகர் தலையாட்ட, சேனை பாசறைக்குத் திரும்பிற்று. முற்றுகையில் சிக்கிய கொன்றைக்கோட்டையிலோ ஐந்து நாள் உணவே மிச்சம். உதவி கோரி அந்நாட்டு இளவரசி அக்காரநங்கை எழுதிய ஓலை அவன் இடைக்கச்சையில் கிடந்து உறுத்தியது. பாவம், வெட்கத்தால் வெந்து போனான்.

அப்போது முக்காடிட்ட மருத்துவச்சி ஒருத்தி கூடாரத்துள் வந்தாள். கையில் சிறு குப்பி. நுனியில் ஊசித்துளையிட்ட நாணற்குழல்.

"தும்பைப்பூவும் நொச்சித்தளிரும் பிழிந்து வடித்த சாறு, தளபதியாரே. சற்றே அண்ணாந்துகொள்ளுங்கள்."

"எத்தனையோ வைத்தியர் கைவிட்ட மூக்கு அம்மணி, இது!"

"மூக்கைப் பழிக்காதீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது."

அவள் குழலை ஊத, சாறு மென்தூறலாய் உள்ளே பரவிற்று. கண்ணில் நீர் பொங்கியது. ஒரு நாழிகையில் அடைப்பு விட்டது. காரிமாறன் குழந்தையைப் போல மூச்சை இழுத்து இழுத்து மகிழ்ந்தான். ஈரமணல் மணத்தது, குதிரை இலத்திகூட மணத்தது! அவள் கையிலிருந்து ஒரு நறுமணம் வந்தது. அதே மணம் தன் இடையிலிருந்தும் வரவே, திகைத்து ஓலையை எடுத்து முகர்ந்தான்.

"புனுகும் குங்குமப்பூவும்! ஓலையிலும் தங்கள் கையிலும் ஒரே சாந்து. தாங்கள் இளவரசி அக்காரநங்கை!"

முக்காடு நழுவியது. "எங்கள் குலத்தார் மட்டும் பூசும் சாந்து அது. தங்கள் தும்மலைப் பற்றி ஒற்றன் சொன்னபோது சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. அரண்மனை வைத்தியரிடம் மருந்து வாங்கிக்கொண்டு சுரங்கவழியே நானே ஓடிவந்தேன்."

காரிமாறன் வெளியே வந்து குதிரைமேல் அமர, முரசு முழங்கிற்று. நாலாயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலைவனின் மூக்கையே பார்த்தார்கள். தும்மல் வரவில்லை! எழுந்த ஆரவாரத்தில் நிமித்திகரும் துள்ளிக் குதித்தார்.

"மூன்றாம் நாள் தங்கள் கோட்டையை மீட்பேன், இது என் வாள்மேல் ஆணை!" என்றான் காரிமாறன். பிறகு குரலைத் தாழ்த்தி, "பீனிசம் அடியோடு போய்விட்டதா, தேவி?" என்றான்.

"இல்லை. விடாப்பிடியான நோய். அந்திதோறும் நான் குழல் ஊத வேண்டியிருக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

அவள் குதிரையேறி, கடிவாளத்தைப் பற்றிக்கொண்டு சொன்னாள்: "ஆயுள் முழுதும்."