சதுப்பின் மறுமொழி

கார் கழிந்து, கூதிர்க் குளிர் இன்னும் முழுதாய் இறங்காத நாள்கள் அவை. பெய்து களைத்த வானம் நனைந்த துகிலெனத் தாழ்ந்து கிடக்க, மரங்கள் தாம் ஏந்திய மழையைத் துளித்துளியாய்ச் சதுப்புக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன. அத்தகைய பிற்பகலில் தவளைகள் ஓயாமல் இரையும். ஆள் நெருங்கினால் அடங்கும், கடந்தபின் முதுகுக்குப் பின்னால் மீண்டும் தொடங்கும். அன்று அடங்கியவை தொடங்கவில்லை.

வழிகாட்டி அதைக் கவனித்தான், அக்காவிடம் சொல்லவில்லை.

மறுநாள் பார்வையாளர்களை அழைத்து வருமுன் பாதையைச் சரிபார்க்க இருவரும் வந்திருந்தனர். சேற்றின்மேல் பலகை பாவிய ஒற்றையடிப் பாதை; பாசி வழுக்கும், திரும்பிப் பார்த்து நடக்க இயலாது. ஆகவே அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. முன்னே செல்லும் அவன், கண்டதன் பெயரை உரக்கச் சொல்வான். பின்னே வரும் அவள், தானும் கண்டபின்னரே "பாத்தேன்" என்பாள். தாயில்லாத அவனை வளர்த்து ஆளாக்கிய அக்கா, செடிகொடி ஆராய்ச்சியிலேயே தலை நரைத்தவள், காணாததை ஒருநாளும் கண்டதாகச் சொன்னதில்லை.

"கோரை."

"பாத்தேன். முழங்காலையே கீறிட்டுது, பாக்காம இருப்பேனா?"

"மீன்கொத்தி."

"எங்கடா? உன் முதுகுதான் தெரியுது. வழிய அடைச்சிக்கிட்டு நின்னா நான் எதப் பாக்கறது?"

அவன் சிரித்து நகர்ந்தான். சிறிது தொலைவில் அவள் நின்றுவிட்டாள்.

"இங்க ஒரு பூச்சிதின்னிச் செடி இருக்கு. நீ நடந்துக்கிட்டே இரு, வந்துடறேன்."

நடந்தான். இருபுறமும் நாணல் தலைக்குமேல் ஓங்கி ஒளியைச் சாம்பலாக்க, அழுகும் இலைகளின் வாடைக்கு அடியிலிருந்து, நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்ததுபோல் வேறொரு வாடை மெல்ல எழுந்தது.

"நாணல்."

"பாத்தேன்."

"அல்லி."

"பாத்தேன்."

கேலி இல்லை. குரல் அக்காவினுடையதுதான், அருகில், மிக அருகில். ஆனால் பின்னே காலடிக்குப் பலகை முனகவில்லை. அவன் நடையை நிறுத்தினான். இந்தச் சேற்றில் ஒருபோதும் முளைக்காத ஒன்றின் பெயரைச் சொன்னான்.

"கள்ளி."

"பாத்தேன்."

திரும்பினான். எவருமில்லை. ஓடினான். வழுக்கி விழுந்தான். எழுந்தான்.

செடியருகே அக்காவின் உருப்பெருக்கிக் கண்ணாடி கிடந்தது. பலகைமேல் அவள் செருப்புத் தடம் அங்கேயே முடிந்தது. அங்கிருந்தே தொடங்கியது மற்றொரு தடம். வெறுங்கால். சேறு. அவன் சென்ற திசையில், அவன் அடிமேல் அடியாக.

"அக்கா."

நாணல் அசைந்தது. காற்றில்லை.

குனிந்து நீருக்குள் தோள்வரை துழாவினான். குளிர்ந்த சேறு. வேர்கள். அவள் இல்லை.

பலகைமேல் மண்டியிட்டான். அந்திதோறும் அக்கா பாடி, முடிவில் அவன் உச்சியில் கைவைத்து வாழ்த்தும் திருப்பாட்டு நாவில் குழறி வந்தது. கண்மூடிக் கைகூப்பி, அவளைத் தந்துவிடும்படி இறைஞ்சி, கடைசி அடிவரை பாடி முடித்தான்.

உச்சியில் ஒரு கை பதிந்தது. ஈரம். அக்காவின் அதே மென்மை. விரல்கள் நெற்றியைக் கடந்தன. மூடிய இமைகளைக் கடந்தன. மோவாயைக் கடந்து, இன்னும் இறங்கின.

"நோய் நொடி இல்லாம நல்லா இருடா, தம்பி."