பருப்பு வெந்த வீடு

அந்த வீட்டில் ஓர் ஈகூட இல்லை. வைகாசி மாதம், போடிப் பக்கத்துத் தோப்புகளில் மாம்பழம் உதிர்ந்து அழுகிக் கிடக்கிற பருவம். தேனியில் டீக்கடைத் தம்ளரிலிருந்து குழந்தையின் கடைவாய் வரை ஈ மொய்க்காத இடம் கிடையாது. எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த வீட்டைத் தரகர் ஒச்சாண்டி திறந்துவிட்டபோது, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பவானி உள்ளே கால் வைத்தாள். எலிப் புழுக்கை, பல்லி எச்சம், ஒட்டடை, செத்த பாச்சை என்று எல்லாவற்றுக்கும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்தவளுக்கு, அங்கே ஒன்றுமே இல்லாதது அதிசயமாக இருந்தது. தரை பளபளவென்று கிடந்தது. மூலைகளில் ஒரு சிலந்தி நூலும் இல்லை.

"ஆள் விட்டுக் கூட்டிப்புட்டீகளாண்ணே?" என்று கேட்டாள்.

"இல்லையே தங்கச்சி. சாவி எங்கிட்டத்தான் கெடந்துச்சு," என்ற ஒச்சாண்டி, தானும் ஒரு தடவை தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

அசிங்கம் என்றால் பவானிக்கு ஆகவே ஆகாது. செம்பை அண்ணாந்துதான் குடிப்பாள். பெற்ற பிள்ளை கடித்த முறுக்கானாலும் தொடமாட்டாள். புருஷன் சாப்பிட்டு எழுந்த இடத்தைச் சாணி போட்டு மெழுகாத குறையாகத் துடைப்பாள். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ ஆறு குடித்தனம் இருக்கிற ஒரு வளவு. ஆறு குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ். கல்யாணமான நாளிலிருந்து அதன் முன்னால் வாளியோடு வரிசையில் நின்றே அவளுக்குப் பாதி வயசு போய்விட்டது. போன மாதம் மகள் அபிதாவின் தலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சிரங்கு தொற்றி, சீழ் வடிந்து, மயிரோடு ஒட்டிக் காய்ந்தபோது அவள் புருஷன் பாண்டீஸ்வரனிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: இனி அந்த வளவில் இருக்க முடியாது, சொந்தமாக ஒரு குச்சுவீடாவது வேண்டும், இல்லையென்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தேவாரத்துக்குத் தாய்வீடு போய்விடுவேன்.

பாண்டீஸ்வரன் போடியில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிறவன். அலைந்து திரிந்து அவன் கண்டுபிடித்த வீடு இது. தேனிக்கு மேற்கே, போடிக்குப் போகும் ரயில் பாதையை ஒட்டி, கொல்லைச் சுவருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் நாலு எருக்கஞ்செடி மட்டும் முளைத்திருக்கிற வீடு. ரயிலுக்குப் பக்கத்தில் இருப்பதால் யாரும் கேட்கவில்லை என்றார் ஒச்சாண்டி. வீட்டுக்காரர் அன்று ராத்திரியே திருப்பூர் பஸ் ஏறுகிறார், அதற்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

வார்த்தையைச் சொல்ல வேண்டியவள் பவானி. அவர்கள் பக்கத்தில் வீட்டைப் பார்ப்பது ஆம்பளை வேலை, தண்ணீரைப் பார்ப்பது பொம்பளை வேலை. அந்த வீட்டுத் தண்ணீரிலேயே பருப்பு வேகவைத்துப் பார்க்க வேண்டும். வெந்தால் வாங்கலாம், கல்லுக்கல்லாக நின்றால் மாளிகையே ஆனாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதற்காகத்தான் மண்ணெண்ணெய் ஸ்டவ், சட்டி, ஒரு பாய், ஒரு பிடி துவரம்பருப்பு எல்லாவற்றையும் டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு அந்தச் சாயங்காலம் வந்திருந்தார்கள்.

வெயிலில் வந்த களைப்பில் அபிதா கூடத்துத் தரையில் பாயை விரித்துப் படுத்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். "தரை குளுகுளுன்னு இருக்கும்மா," என்றது மட்டும்தான் கேட்டது.

பவானி சுவரைத் தடவிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். ஓர் ஆள் உயரத்துக்கு மேலே சுண்ணாம்பு சொரசொரவென்று இருந்தது. அதற்குக் கீழே வழுவழுப்பு. நிலைக் கட்டையின் ஓரங்கள் தேய்ந்த சோப்புக் கட்டி போல் உருண்டு கிடந்தன. அடுப்பு மேடையில் புகைக்கறை என்று பேருக்குக்கூட ஒரு பொட்டு இல்லை. வீடு கட்டிப் பன்னிரண்டு வருஷம் என்றார்களே, இங்கே ஒருத்தியும் சமைக்கவே இல்லையா என்று நினைத்தாள். விரல்களை எடுத்தபோது நுனி லேசாகப் பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தாள். தூங்கி எழுந்த வாயின் வாடை. மழைக்காலத்து ஈரமாயிருக்கும் என்று சேலையில் துடைத்துக்கொண்டாளே தவிர, மழை பெய்து எத்தனை நாளாயிற்று என்று யோசிக்கவில்லை. வீடு வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

கொல்லையில் அடிபம்பு இருந்தது. இரண்டே அடியில் தண்ணீர் வந்தது; அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்தாள். இனிப்பு. ஆனால் தொண்டைக்குள் இறங்கிய பிறகும் அடிநாக்கில் ஏதோ ஒட்டிக்கொண்டே இருந்தது. ஸ்டவ்வைப் பற்றவைத்து உலையை ஏற்றி, பருப்பைப் போட்டு, மூடியைத் தேடித் திரும்புவதற்குள் சட்டியில் பருப்பு குழைந்து பூப்போல மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு வேகம் அவள் பார்த்ததில்லை.

வாசலில் இருந்து பாண்டீஸ்வரன் கேட்டான். "என்ன பவானி, வெந்துச்சா?"

ஒரு பருப்பை எடுத்து நசுக்கினாள். வெண்ணெயாக இருந்தது. சந்தோஷத்தில் குரலைக் கூட்டியே சொன்னாள்: "வெந்துருச்சுங்க. நல்லா வெந்துருச்சு."

"அப்பச் சரி. நானும் அண்ணனும் போயி வீட்டுக்காரர்ட்டப் பேசி முடிச்சுட்டு வந்துர்றோம். மதுர ரயில் வண்டி இப்ப வந்துரும், அது போகயில வீடு எம்புட்டு அதுருதுன்னு மட்டும் பாத்துவையி."

டிவிஎஸ் சத்தம் தேய்ந்து மறைந்தது. வீட்டில் அவளும் தூங்குகிற பிள்ளையும்தான்.

எந்த அடுப்பில் எதைச் சமைத்தாலும் வாயில் வைக்குமுன் காக்காய்க்கு ஒரு பிடி வைப்பது அவள் வழக்கம். இது காக்கைகள் கூடு திரும்புகிற நேரம், வைத்தாலும் வராது என்று தெரியும். ஆனாலும் புது வீட்டு முதல் சமையல், விடக் கூடாது. கரண்டியில் கொஞ்சம் அள்ளிக் கொல்லைச் சுவர்மேல் வைத்து, "கா கா" என்று கூப்பிட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், தண்டவாள ஓரத்தில் ஆடு பத்திக்கொண்டு போன அக்கம்மாள் நின்றுவிட்டாள். எதிர்ச் சாரியில் குடியிருக்கிறவள். சாயங்காலம் அவர்கள் வந்து இறங்கியபோதே பேச்சுக் கொடுத்தவள். அவள் பவானியைப் பார்க்கவில்லை. சுவர்மேல் இருந்த பருப்பைத்தான் பார்த்தாள்.

"ஏத்தா, அங்கன அடுப்பு பத்த வச்சியா?"

"ஆமாக்கா. ஏன், முன்ன குடியிருந்தவுக சமைக்கலையா?"

"ஓட்டல்லதான் வாங்கித் தின்னாக. அதையும் ரோட்டுலயே நின்னு தின்னுட்டு, கை கழுவிட்டுத்தான் உள்ள போவாக. நானும் கேட்டேன். இதுக்குத் திங்கக் குடுத்துப் பழக்க வேணாம்னு சொன்னாக."

"எதுக்கு?"

அக்கம்மாள் கம்பால் வீட்டைச் சுட்டினாள். ஆடுகள் சுவர்ப் பக்கம் ஒதுங்காமல் தண்டவாளத்தின் ஜல்லியிலேயே தத்தித் தத்தி நடந்தன. "வீடு வாரதுக்கு முன்ன, ரயில்ல அடிபட்டதுகள போலீசு வார வரைக்கும் அங்கனதான் பாயில சுத்திப் போட்டு வைப்பாக," என்றாள். "நாயி நரி வராது அந்த எடத்துக்கு. ஆனாலும் காலையில பாத்தா, மேலெல்லாம் ஒரு சொட்டு ரத்தம் இருக்காது. சுத்தமாத் தொடச்ச மாதிரி கெடக்கும். புள்ளயத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துரு ஆத்தா." சொல்லிவிட்டு, ஆடுகளை அதட்டியபடி வேகமாகப் போய்விட்டாள்.

பவானி சுவரைப் பார்த்தாள். பருப்பு இல்லை. அது இருந்த இடமும் அதைச் சுற்றி ஒரு முழத்துக்கும் பாசி, தூசு எல்லாம் போய்ச் செங்கல் பளிச்சென்று தெரிந்தது. ஈரமாக இருந்தது. ஈரத்தில் சிறுசிறு நுரை.

அடுப்படிக்கு வந்து கரண்டியைச் சட்டிக்குள் விட்டுத் தூக்கினாள். பருப்பு கரண்டியோடு நூல் நூலாக எழும்பி, அறுபடாமல் நீண்டு, பளபளத்து, மெல்ல உள்ளே இறங்கியது. விளக்கெண்ணெயில் ஊறினாற்போல ஒரு கொழகொழப்பு. அந்தத் தண்ணீரைத்தான் அவள் குடித்திருந்தாள். அடிநாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது என்னவென்று அப்போது புரிந்தது. குடித்தது தண்ணீர் இல்லை. யாருடையதோ எச்சில். இந்த வீடு முழுக்க, தரை, சுவர், நிலை, மேடை, எல்லாமே எச்சில்.

அடுப்படி முற்றத்தில் குனிந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் முடிவு செய்துவிட்டாள். வேண்டாம் இந்த வீடு. வளவுக் கக்கூஸே போதும், வாளியோடு வரிசையில் நின்றே சாகலாம். அவர் பேசி முடிப்பதற்குள் போய்ச் சொல்லிவிட வேண்டும். பிள்ளையைத் தூக்க வேண்டும், ஓட வேண்டும்.

கரண்ட் போனது. தினமும் இருட்டுகிற நேரம் பார்த்துப் போகிற வருஷம் அது. ஜன்னலில் மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சமும் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. தூரத்தில் மதுரை வண்டி கூவியது. முதலில் தரை லேசாக நடுங்கியது, பிறகு சட்டியும் மூடியும் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன, பிறகு வீடே கடகடவென்று ஆட, அவள் சுவரைத் தொடாமல் இருட்டில் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு கூடத்தை நோக்கி நடந்தாள். காலுக்கடியில் தரை வழுக்கியது. வரும்போது வழுக்கவில்லை.

ரயில் வந்துவிட்டது. பெட்டிகளின் ஜன்னல் வெளிச்சம் கூடத்துக்குள் கட்டம் கட்டமாக ஓடியது. ஒரு கட்டம் வெளிச்சம். பாயில் அபிதா தூங்குகிறாள். இருட்டு. அடுத்த கட்டம். பாய் மட்டும். அபிதா பாயைவிட்டு ஒரு முழம் தள்ளி, சுவரோரம். இருட்டு. அடுத்த கட்டம். பிள்ளையின் தலை லேசாக ஆடுகிறது. கன்றுக்குட்டியின் தலை ஆடுமே, பசு நக்கும்போது, அப்படி. இருட்டு.

கடைசிப் பெட்டியும் போனது. கடகடப்பு மேற்கே தேய்ந்தது. ஆனால் இன்னொரு சத்தம் தேயவில்லை. ரயில் சத்தத்துக்குள்ளேயே ஒளிந்திருந்த சத்தம்.

சளப். சளப்.

நிதானமாக. அவசரமே இல்லாமல்.

இடுப்பில் செருகியிருந்த தீப்பெட்டியை எடுத்தாள். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது பிடித்தது.

அபிதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. தலைமயிர் முழுவதும் நனைந்து, ஒரே பக்கமாக, மேல்நோக்கிப் படிந்திருந்தது. சிரங்குப் பொருக்கு ஒன்றுகூட இல்லை. முகம் அப்படி ஒரு சுத்தம். புருவம் இல்லை. இமை மயிர் இல்லை. உதட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருந்த கோடு கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருந்தது.

"கூசுதும்மா," என்றது பிள்ளை, தூக்கத்திலேயே. "போதும்மா, நக்குனது."

குச்சி விரலைச் சுட்டது. விழுந்தது. இருட்டு.

பவானி பிள்ளை இருந்த திசைக்குப் பாய்ந்தாள். கை பட்டது பிள்ளையின் மேல் அல்ல. அகலம். சூடு. சொரசொரப்பு. அதன்மேல் கை ஒட்டிக்கொண்டது. அது மெல்ல அவள் பக்கம் திரும்பியது. தூங்கி எழுந்த வாயின் வாடை, இப்போது மூச்சாக, அவள் முகத்தில் அடித்தது. முழங்கையில் ஏறியது. தோளில். கழுத்தில். கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. தாடை நனைந்தது.

வாசலில் டிவிஎஸ் வந்து நின்றது.

"பவானி," என்று பாண்டீஸ்வரன் இருட்டில் நின்று கூப்பிட்டான். அவன் குரலில் அத்தனை சந்தோஷம். "பேசி முடிச்சாச்சுத்தா. இனிமே இது நம்ம வீடு. என்ன, பேச்சையே காணோம்?"

பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

அது உள்ளே வந்தது.