நடுவில் காத்திருந்த உத்தரவு

வெள்ளிக்கிழமை காலை. ஒரகடம். ராஜாமணி பிரஸ் ஒர்க்ஸ்.

அலறல் பாதியில் நின்றது...

தகரத்தை அழுத்தி வளைக்கும் ராட்சத பிரஸ்ஸின் கீழே தொழிலாளி எல்லப்பன். இடுப்புக்கு மேலே பார்க்கக்கூடிய நிலையில் எதுவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் லாசர் தொப்பியைக் கழற்றினார்.

"பட்டனை யாரு அமுக்கினது?"

"யாரும் அமுக்கல சார். கம்ப்யூட்டர்லேர்ந்து உத்தரவு வந்துது. தானா இறங்கிச்சு," என்றான் ஃபோர்மேன்.

"கம்ப்யூட்டர் யாரு பொறுப்பு?"

எல்லா விரல்களும் இசைவாணியைக் காட்டின. புரோகிராம் எழுதிய பெண். பழி விழுந்தால் ஜெயில்!

"சொல்லும்மா."

"ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர், பிரஸ்ல ஒண்ணு சார். ரெண்டையும் நேரா ஒயர்ல இணைச்சிடலாம்னேன். பிரஸ் ஆஃப்ல இருந்தா உத்தரவு அப்பவே செத்துடும். பெரியவரு ராஜாமணி ஐயா ஒத்துக்கல. நடுவுல மூணாவதா ஒண்ணு வெக்கச் சொன்னாரு. அது உத்தரவை வாங்கி வெச்சிக்கினு, பிரஸ் முழிச்சதும் குடுக்கும்."

"எதுக்கு அந்தச் சுத்து?"

"ஆபீஸ் அண்ணனோடது. பிரஸ் தம்பியோடது. ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க. மிஷினும் பேசக்கூடாதாம்."

அண்ணன் ராஜாமணி நாற்காலியில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். தம்பி பாபு தூணோரம்.

பாபுவின் மகன், ஃபெபி என்ற கிறிஸ்தவ வேதக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்ட அன்று அறுந்த பேச்சு. குலப்பெருமை விளையாட்டல்லவே!

"நேத்து ராத்திரி உத்தரவு போட்டது நான்தான்," என்றார் ராஜாமணி. "பிரஸ் ஓடல. போய்த் தொலையட்டும்னு விட்டுட்டேன். கோளாறு இந்தப் பொண்ணு எழுதினதுல."

இசைவாணி நிமிர்ந்தாள்.

"இல்ல சார். பிரஸ் ஆஃப்ல இருந்தா, வெக்கவா அழிக்கவான்னு கேக்கும். வைன்னு ஒருத்தர் சொன்னாத்தான் வெக்கும்."

லாசர் தானே ஆபீசில் உட்கார்ந்து ஓர் உத்தரவு போட்டுப் பார்த்தார்.

வைக்கவா, அழிக்கவா என்று திரை கேட்டது!

"பெரியவரே... வைன்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமா. கரண்ட்டு வந்ததும் வேலை நடக்கட்டும்னு சொன்னேன். எல்லப்பன் உள்ள போவான்னு கனவா கண்டேன்? வெள்ளிக்கிழமை கரண்ட்டு போட்டதும் பிரஸ்ஸுக்குள்ள தலைய விட்டு கற்பூரம் ஏத்தறது பாபுதானே..."

நிறுத்தினார்.

தாமதமாக!

பாபு மெல்ல நடந்து வந்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"நேத்து வாலாஜாபாத்ல ஃபெபிக்கு ஆண் குழந்தைண்ணே. தீட்டு... நான் கற்பூரத்தைத் தொடல. எல்லப்பனை ஏத்தச் சொன்னேன்."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொல்லி அனுப்பினேனே. நீங்க பூஜையில இருக்கீங்கன்னு, அப்புறம் சொல்லிக்கலாம்னு உங்க வாட்ச்மேன் சேதியை வெச்சிக்கினான்."

ராஜாமணியின் முதுகு முதன்முறையாக வளைந்தது.

"பாதி பேக்டரியை பொறக்கப்போற குழந்தைக்கு எழுதறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தான் சார்... எங்கப்பா பேரு இன்னா ஆவறது?"

"எல்லப்பனுக்கும் ஒரு அப்பா இருக்காரு. வாசல்ல அழுதுகினு கீறாரு," என்றார் லாசர், விலங்கைப் பூட்டியபடி. "ஸ்டேஷன்ல எங்கிட்ட நேரா பேசிடுங்க பெரியவரே. நடுவுல ஆளு இல்லாம முடியாதுன்னா... கோர்ட்டுல வக்கீல் வெச்சிக்கலாம்."