ஏழேகால் மணித் தேநீர்

காலை ஏழு மணிக்கு ஸ்டூடியோவின் உள்ளறையைத் திறந்த புகைப்படக்காரரின் மனைவி அலறிவிட்டாள். கணவர் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம், பக்கத்தில் கேமரா ஸ்டாண்ட். உயிர் இருந்தது, நினைவில்லை. ஆறு மணிக்கு மேல்தான் அடி விழுந்திருக்கும் என்றார் டாக்டர்.

மாலை ஆறரை. அதே அறையில் பெண் இன்ஸ்பெக்டர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். நாற்காலி அவளுக்கு ஆகாது. எதிரே புகைப்படக்காரரின் மனைவியும் அவள் தம்பிகள் இருவரும். தம்பிகளுக்குள் ஒரு வயதுதான் வித்தியாசம். உரித்து வைத்ததுபோல ஒரே முகம்.

ஸ்டூடியோவை விற்கச் சொல்லி அக்கா கணவரோடு மல்லுக்கு நின்றவன் சின்னவன். ஆனால் அவன் காலை ஆறு பத்து விமானத்தில் வடக்கே ஒரு நகரத்துக்குப் போயிருந்தான். விசாரித்தாகிவிட்டது: அவன் பெயரில் ஆள் ஏறியிருந்தார்.

"விமானத்துல என்ன பண்ணினீங்க?"

"தூங்கிட்டேன் மேடம். இருநூத்தித் தொண்ணூறு கிலோமீட்டர், அம்பது நிமிஷம். கண் மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுச்சு."

"அப்புறம்?"

"ஏழேகாலுக்கு வெளிய வந்து டீ குடிச்சேன். லென்ஸ் வாங்க வேண்டிய கடை பூட்டியிருந்துச்சு. பஸ் பிடிச்சுத் திரும்பிட்டேன்."

அவள் பெரியவனிடம் திரும்பினாள். "நீங்க?"

"என்ன மேடம்?" அவன் காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தான்.

"காலையில எங்க இருந்தீங்கன்னு கேட்டேன்."

"வீட்லதான். காய்ச்சல். படுத்தே கிடந்தேன்."

"காதுல என்ன?"

"காலையிலேர்ந்து அடைச்சுக்கிட்டிருக்கு."

எதிலோ இடறியவள்போல இன்ஸ்பெக்டர் நின்றாள். அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. விறுவிறுவென்று வெளியே போய் விமான நிலையத்துக்குப் போன் போட்டாள். "அந்த ஆறு பத்து விமானம் எத்தனை மணிக்கு இறங்குச்சு?"

திரும்பி வந்து நேரே சின்னவன் முன்னால் நின்றாள்.

"தூரமும் நேரமும் போன்ல பார்த்ததை அப்படியே ஒப்பிச்சீங்க. அது வெறும் கணக்கு. இன்னிக்கு அங்க கடும் பனிமூட்டம். இறங்க வழியில்லாம விமானம் வானத்துலயே சுத்தியிருக்கு. தரையைத் தொட்டப்ப மணி ஏழு அம்பது. நீங்க டீ குடிச்ச நேரத்துல எல்லாரும் மேலதான் இருந்தாங்க."

அவள் பெரியவன் பக்கம் கை காட்டினாள்.

"உங்க பேர்ல பறந்தவரு காது அடைச்சுப்போய் இதோ உட்கார்ந்திருக்காரு. சாயந்திரம் திரும்பி வந்ததுலேர்ந்து அக்கா பக்கத்துலயே இருந்ததால நீங்க ரெண்டு பேரும் தனியாப் பேச முடியல. பேசியிருந்தா இந்த டீ இருந்திருக்காது."

பெரியவன் சட்டைப் பையிலிருந்து தம்பியின் அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான். "உடம்பு சரியில்ல, எனக்குப் பதிலா போய் லென்ஸ் வாங்கிட்டு வான்னான். இதுக்குன்னு சத்தியமா தெரியாது மேடம்."

"நான் பேசத்தான் போனேன்" என்றான் சின்னவன். "கோவத்துல கை மீறிடுச்சு."

"டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுட்டுத்தானே கோவப்பட்டீங்க?"

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் வந்து அவனுக்கு விலங்கு மாட்டினார்.

அக்கா சின்னவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெரியவனைத்தான் கேட்டாள்.

"சாயந்திரம் வந்ததுமே உனக்குப் புரிஞ்சிருக்குமேடா?"

"புரிஞ்சுதுக்கா."

"புரிஞ்சும் என் தோள்ல சாய்ஞ்சு அழுதியே."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். கூடவே எழுந்த பெரியவனைப் பார்த்து, "நீ வராதே. அவரு கண் முழிக்கிறப்ப என் முகம் மட்டும் இருந்தாப் போதும்" என்றாள்.

ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் அவள் பின்னால் ஓடினாள்.