மருந்து ஊற்றாத கிடா

சிம்மக்கல்லில் கால்நடை மருத்துவர் தாமரைச்செல்வியின் வீட்டு முன்னால் லோடு ஆட்டோ ஒன்று நின்றது. தங்கப்பொண்ணு இறங்கினாள். பின்னால் சாக்குக்கடியில் செத்த ஆடு.

"எழுமலையிலருந்து வாரேம்மா. பாதிப் பட்டி போச்சு. இது காலையில செத்தது. விஷம்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, போலீசுக்குப் போறேன்."

"யாரு மேல?" கேட்டது மருத்துவர் அல்ல, அவருடைய அண்ணன் அசோக்குமார். போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்காவது வழக்குக் கிடைக்காதா என்று தங்கையோடு அலைகிறவர்.

"என் கொழுந்தன் சிவபாண்டி மேலதான். வேலித் தகராறுக்குத் தொட்டித் தண்ணியில கலக்குறான். அவன் ஆடு ஒண்ணுகூடச் சாகலையே. கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னேன். கூசாமப் பண்ணிட்டான்."

அவர்கள் ஊரில், அப்படிச் சத்தியம் செய்தவருக்கு அதை வாங்கிய வீட்டோடு அதன்பின் பேச்சு கிடையாது; தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை.

தாமரைச்செல்வி ஆட்டின் கீழிமையை விலக்கிப் பார்த்தார். உள்ளே வெள்ளைத்தாள் போல் வெளுத்திருந்தது. தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கியது. பிறகு வயிற்றைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"புழு மருந்து எப்ப ஊத்துனீங்க?"

"போன வெள்ளிக்கிழமை. மாசந்தவறாம, ஒரு குட்டி விடாம ஊத்துவேன். அன்னைக்கே சுத்தமான புதுப் புல்லுக்கு ஓட்டிருவேன். அவன் சோம்பேறி. ரெண்டு பேரும் ஒரே கடை மருந்துதான், அவன் சோந்து படுத்த ஆட்டுக்கு மட்டுந்தான் ஊத்துவான்."

"ஊருக்குப் போவோம்," என்றார் தாமரைச்செல்வி.

எழுமலையில், தங்கப்பொண்ணு வீட்டுத் தொட்டியருகே கறுத்த கிடா ஒன்று கட்டிக் கிடந்தது. அதன் இமைக்குள் நல்ல சிவப்பு.

"இது?"

"கருப்பசாமிக்கு நேந்துவிட்டது. இதுக்கு மட்டும் மருந்து ஊத்துறதில்ல. அவுத்தும் விடமாட்டேன், அகத்திக்கொழை கட்டிருவேன்."

"தண்ணி?"

"இதே தொட்டிதான்."

அசோக்குமார் மீசையைத் தடவினார். "பாத்தியா தாமர? சாமிக்குப் பயந்து இத மட்டும் விட்டிருக்கான்."

"தொட்டியில கலந்த விஷத்துக்கு எது சாமி கிடான்னு எப்படிண்ணே தெரியும்?"

அசோக்குமார் மீசையிலிருந்து கையை எடுத்தார்.

"விஷம் இல்லக்கா," என்றார் தாமரைச்செல்வி. "இரைப்பையில ஒட்டி ரத்தம் குடிக்கிற புழு. வெள்ளிக்கிழமை மருந்து குடிச்ச ஆட்டுக்குள்ள இன்னைக்கும் உசுரோட நெளியுது."

"போலி மருந்தா?" என்றாள் தங்கப்பொண்ணு.

"அதே மருந்து சிவபாண்டி ஆட்டுக்குக் கேக்குதே. எந்தக் கூட்டத்துலயும் பிறவியிலேயே மருந்துக்குச் சாகாத புழு ஒண்ணு ரெண்டு இருக்கும். நீங்க ஒரு ஆடு விடாம ஊத்தி மத்ததையெல்லாம் கொன்னுட்டீங்க. தப்பிச்சதோட முட்டை மட்டும் புதுப் புல்லுல விழுந்துச்சு. அந்த வம்சத்தையே வருசக்கணக்கா பொறுக்கி வளத்திருக்கீங்க. அவரு மருந்து ஊத்தாம விட்ட ஆட்டுல சாதாப் புழு நெறைய இருக்கு. அதோட கலந்து கலந்து, சாகாத வம்சம் அங்க தலையெடுக்கல. புழு புல்லு வழியாத்தான் வயித்துக்குள்ள போகும். கிடா புல்லு மேயல, அதான் தப்பிச்சுது."

தங்கப்பொண்ணு தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "புருசன் போனப்புறம் இதுகதாம்மா எனக்கு. பிள்ள மாதிரி பாத்துப் பாத்து ஊத்துனேனே."

தாமரைச்செல்வி மருந்துப் பையைத் திறந்தார்.

"வேற மருந்து இருக்காம்மா?"

"தாரேன். எல்லாத்துக்கும் ஊத்துனா அதுவும் கேக்காமப் போயிரும். கண்ணு வெளுத்த ஆட்டுக்கு மட்டும் ஊத்துங்க. அது போதாது. சாதாப் புழு மறுபடி இந்த நெலத்துல விழணும். அதுக்கு சிவபாண்டி ஆடுக இங்க வந்து மேயணும்."

"நாந்தானம்மா அவன சூடம் அணைக்க வச்சேன்," என்றாள் தங்கப்பொண்ணு.

வேலிக்கு அப்பால் சிவபாண்டி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். அவள் போய்ப் படலைத் திறந்து ஓரமாக நின்றாள்.

"தம்பி..."

அவர் திரும்பவில்லை. குட்டி ஒன்று மட்டும் உள்ளே ஓடிவந்து புல்லைக் கடித்தது. அவர் விசிலடித்ததும் அதுவும் திரும்பி ஓடிப்போனது.

"படலச் சாத்தவாம்மா?" என்றார் அசோக்குமார்.

"கெடக்கட்டும்ணே," என்றாள் தங்கப்பொண்ணு.