சங்குத்தீவின் மூன்று தட்டுகள்

கடலில் இறங்கிய கால்மணி நேரத்துக்குள் மதியழகனுக்குப் புதையல் கிடைத்துவிட்டது.

கோயம்புத்தூரில் பம்ப்செட் கடை நடத்தும் மனிதருக்கு இது லேசுப்பட்ட சங்கதியா? இலங்கைப் பக்கம் மன்னார்க் கடலில் இருக்கும் சங்குத்தீவுக்கு மனைவி கோமதியோடு ஒரு வாரம் சுற்றுலா என்று முடிவானதுமே, அந்தப் பக்கம் ஒரு டச்சுக் கப்பல் மூழ்கியதாக எங்கோ படித்து, பழைய வரைபடம் ஒன்றின் நகலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். "வெறுங்கையோட வரமாட்டேன், பாத்துக்கங்க" என்று நண்பர்களிடம் சவாலும் விட்டாயிற்று. வாய் சும்மா இருந்தால்தானே!

அன்று காலை படகுக்காரர் யூஜின் தன் பாய்வள்ளத்தில் இருவரையும் தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறை வரைக்கும் கூட்டிவந்தார். "வள்ளத்துக்குக் கிட்டவே மிதந்து மீன் பாருங்கோ, தூரம் போகாதேங்கோ" என்று படித்துப் படித்துச் சொன்னார். அவர் கோமதிக்கு மூச்சுக்குழாய் மாட்டிவிடும் நேரத்தில் மதியழகன் காலில் நீச்சல் துடுப்பு மாட்டிக்கொண்டு தூரமாகப் போய்விட்டார்.

கீழே, பாறை இடுக்கில், ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. விளிம்பில் நீலப்பூ. மூச்சைப் பிடித்து முங்கினார். தட்டை இறுக்கியிருந்த கல்லை நகர்த்தி உருவினார். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கும் அப்பால் மூன்றாவது! நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மூன்றையும் வலைப்பையில் போட்டுக்கொண்டு வள்ளத்துக்கு நீந்தி, யூஜின் பார்க்காத நேரமாகத் துண்டுக்கு அடியில் ஒளித்துவைத்தார். பார்த்தால் பங்கு கேட்பார் என்ற பயம்.

முந்தின நாள் மாலை தீவுக்காரர்கள் பாட்டும் கூத்துமாக விருந்து வைத்தபோது யூஜின் இந்தத் தட்டுகளைப் பற்றித்தான் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மதியழகன் அப்போது கூத்துக்காரரின் கிரீடத்தை வாங்கித் தலையில் வைத்துத் தன்னைத் தானே படம் பிடித்துக்கொண்டிருந்தார். காது கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மத்தியானம் மூவரும் வள்ளத்தில் இருந்தபோது காற்று கூடிவிட்டது. பாறைக்கு அப்பால் அலைகள் ஆளுயரத்துக்கு எழுந்து உடைந்தன. யூஜின் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"ரெஜினாட வள்ளம் வருது. சந்தைக்குப் போன பொம்பிளையள் எல்லாரும் அதுக்குள்ளதான்."

ரெஜினா அவர் மனைவி. அவளோடு இன்னும் ஆறு பெண்கள். வள்ளம் பாறையை நெருங்கியது. பிறகு சட்டென்று வெட்டித் திரும்பியது. சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது. மறுபடியும் திரும்பியது.

"இவ என்ன, வந்து வந்து திரும்புறா?" என்றார் யூஜின்.

"ஏனுங்க, அவங்களுக்கு வழி தெரியாதுங்களா?" என்று கோமதி கேட்டாள்.

"தெரியாமல் என்ன? இந்தப் பாறைக்குள்ள ஒரே ஒரு வழிதான், அதுவும் நடுவில வளையுது. கம்பு நட்டால் கடல் கொண்டுபோயிடும். அதுதான் நேற்றுச் சொன்னனான், இங்க கலியாணம் கட்டுற ஒவ்வொரு சோடியும் முதன்முதலாச் சேர்ந்து சோறு சாப்பிட்ட தட்டை வழியோரமாக் கல்லுக்குள்ள இறுக்கி வைக்கிறது. முன்னுக்கு ஒராள் குனிஞ்சு பார்த்து 'தட்டு, தட்டு' எண்டு சொல்லச் சொல்ல வள்ளம் உள்ளுக்கு வரும். வளைவில தட்டுத் தெரியேல்லை எண்டால் கல்லில ஏறிச் சிதறிடும்."

மதியழகனின் பார்வை தானாகத் துண்டின் பக்கம் போயிற்று. யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். யாரும் கேட்கவில்லை. ரெஜினாவின் வள்ளத்தை ஒரு அலை பக்கவாட்டில் அடித்தது. கூடைகள் கடலில் விழுந்தன, பெண்கள் குனிந்து தண்ணீரை இறைத்தார்கள். சொன்னால் தன் மானம் போகும். சொல்லாவிட்டால் ஏழு உயிர் போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் யோசித்தார். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் உடம்பு கூசும்.

துண்டை எடுத்தார். "யூஜின், நான்தானுங்க எடுத்தேன்."

யூஜின் தட்டுகளைப் பார்த்தார். மதியழகனைப் பார்க்கவே இல்லை. நங்கூரத்தை இழுத்துக்கொண்டே கேட்டார்: "எடுத்த இடம் தெரியுமோ?"

"தெரியுமுங்க."

"திருப்பி வைக்க நேரமில்லை. மூண்டு இடத்தில மூண்டு பேர் நிக்கவேணும். தட்டைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிக்கவேணும்."

பாய் விரிந்தது. வள்ளம் வளைவை நோக்கிப் பாய்ந்தது. உள்ளே இருந்த முதல் இடத்தை மதியழகன் காட்ட, அங்கே நங்கூரம் விழுந்தது. கோமதி வள்ளத்திலேயே நின்று தட்டைத் தூக்கினாள். மற்ற இருவரும் தண்ணீரில் குதித்தார்கள்.

"வெளிப்பக்கம் நான் போறேனுங்க" என்றார் மதியழகன். அலை அங்கேதான் அதிகம்.

"வீரம் காட்டுற நேரம் இல்லை இது. இடத்தைக் காட்டிப்போட்டு நடுவில நில்லுங்கோ."

காட்டிவிட்டு வந்து, தட்டு இருந்த இடுக்கை ஒட்டிய பாறைமேல் ஏறி நின்றார். கழுத்தளவு தண்ணீர். பவளம் பாதத்தைக் கிழித்தது. ஒவ்வொரு அலையும் தலைக்கு மேலே போயிற்று. கை மட்டும் கீழே இறங்கவில்லை.

ரெஜினா கண்டுகொண்டாள். வள்ளம் நேராக வந்தது. "தட்டு!" என்று முன்னால் குனிந்திருந்த பெண் கத்தினாள். யூஜினைத் தாண்டி, மதியழகனை உரசுவதுபோல் வளைந்து, கோமதியையும் கடந்து அமைதியான தண்ணீருக்குள் வந்து சேர்ந்தது.

கரையில் ஒரே கொண்டாட்டம். ஒரு அக்கா மதியழகனின் தலையைத் துவட்டினாள். இன்னொருத்தி தேநீர் நீட்டினாள். "இந்தத் தம்பி மட்டும் இல்லாட்டி இண்டைக்கு நாங்கள் ஒருத்தரும் இல்லை" என்றாள் அவள். யூஜின் தலை நிமிராமல் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கோமதி மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் இரண்டு பேரும் இதைத் தன்னிடமே விட்டுவிட்டார்கள் என்று மதியழகனுக்குப் புரிந்தது. தேநீரைக் கீழே வைத்தார்.

"அக்கா, தட்டை எடுத்ததே நான்தானுங்க. புதையல்னு நெனச்சுட்டேன். நீங்க மாட்டிக்கிட்டது தெரிஞ்ச பொறகும் கொஞ்ச நேரம் சொல்லாம இருந்தேனுங்க."

தலை துவட்டிய கை நின்றுவிட்டது. ரெஜினா ஒரு தட்டை எடுத்துத் திருப்பினாள். அடியில் இரண்டு பெயர்கள் கீறியிருந்தன. "இது என்ர அக்காட தட்டு" என்றாள். திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் வெட்டுக்காயத்தோடு போய் முங்கி, மூன்று தட்டுகளையும் இருந்த இடத்திலேயே இறுக்கி வைத்தார். யூஜின் ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. அப்போது ரெஜினாவின் வள்ளம் சந்தைக்குக் கிளம்பி வந்து பக்கத்தில் நின்றது.

"ஏறுங்கோ. முன்னுக்கு வாங்கோ" என்றாள் ரெஜினா.

"நானுங்களா?"

"நீங்கள் வைச்சதுதானே? நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ."

மதியழகன் ஏறிக் குனிந்தார். பின்னால் ஏழு பெண்கள், அவர் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார்கள். இதைவிட அவர்கள் நாலு அறை அறைந்திருக்கலாம். அடுத்தவர் ஊரில் ஒரு பொருளைத் தொடுமுன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே என்று நினைத்தபோது கண் கலங்கியது. அவசரமாகத் துடைத்துக்கொண்டார், பார்வை மங்கக்கூடாது. கீழே வெள்ளையாக ஒன்று தெரிந்தது.

"தட்டு" என்றார். குரல் எழும்பவில்லை. இன்னொரு முறை, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். ரெஜினா சுக்கானைத் திருப்பினாள்.